ஸ்ரீரங்கத்தில் ஒரு பந்துக்காரர்

2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. எங்கள் காலனி முனையில் பையன்கள் கட்டிய மெஸ்ஸி பேனர் அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது. என் முதுகிலும் 10 என்ற எண். இந்த வயதில் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிய வெட்கமாக இல்லையா என்று வீட்டில் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டார்கள். அந்தச் சட்டையோடுதான், தையல் பிரிந்த பந்து ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு, சத்திரம் பேருந்து நிலையத்தில் 1ஆம் நம்பர் பஸ் ஏறினேன்.

மாலை நேரங்களில் எங்கள் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லிக் கொடுக்கிறேன். சொல்லிக் கொடுக்கிறேன் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். விசில் ஊதுவேன், சண்டையை விலக்குவேன், அவ்வளவுதான். இருபது பிள்ளைகளுக்கு இரண்டே பந்து. அதில் ஒன்று பிரிந்துவிட்டால் பாதிப் பேர் வெறுமனே ஓட வேண்டியதுதான்.

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்குத் தெற்கே, சாலை ஓரத்தில் குடை விரித்துச் செருப்புத் தைக்கிற மாமா ஒருவர் இருக்கிறார். அம்மா வழியில் தூரத்துச் சொந்தம். நல்ல கைத்தையல்காரர். வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் இன்னும் வடியாத நாட்கள் அவை. கோயிலுக்கு வருகிறவர்களின் அறுந்த செருப்புகள் அவர் முன்னால் குவிந்து கிடந்தன. “உக்காரு மாப்ள, பாத்துக்கலாம்” என்று பந்தை வாங்கி, குத்தூசியை எடுத்து, வெளிப்பக்கமாகவே தைக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல். “உல்ட்டா, உல்ட்டா!”

நெடிய உருவம், வெள்ளை மீசை, கையில் தடி. எண்பது வயது இருக்கும். வடநாட்டு யாத்ரீகர், செருப்பு விஷயமாக ஏதோ தகராறு செய்கிறார் என்று மாமா நினைத்துவிட்டார். பெரியவர் கண் செருப்பின் மேல் இல்லை, பந்தின் மேல் இருந்தது. நான் கொஞ்ச காலம் டெல்லியில் இருந்தவன். அங்கே கற்ற அரைகுறை இந்தி அன்றைக்கு உதவியது. வெளியே தைத்தால் இரண்டு நாள் தாங்காது, மைதானத்தில் உரசி நூல் அறுந்துவிடும், பந்தை உள்பக்கம் திருப்பித் தைக்க வேண்டும் என்கிறார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பதில் சொல்லாமல் இரண்டு கைகளையும் நீட்டினார். இரண்டு ஆள்காட்டி விரல்களிலும், நூலை இழுத்து இழுத்து விழுந்த தடம், குழி போல.

“ஜலந்தர், பார்கவ் கேம்ப்” என்றார். “பந்து தைக்கிறவன், புத்தர்.”

எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பஞ்சாபியில் ‘புத்தர்’ என்றால் மகனே என்று அர்த்தம். பேச்சு முழுக்க அவர் என்னைப் புத்தர் புத்தர் என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கோபுர வாசலில் வைத்து அப்படிக் கூப்பிட ஒரு ஆள் கிடைத்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

பேரன் துவாக்குடி என்.ஐ.டி.யில் படிக்கிறானாம். அவனைப் பார்க்க வந்த இடத்தில் கோயிலைக் காட்டக் கூட்டி வந்திருக்கிறான். முழங்கால் வலியால் வரிசையில் நிற்க முடியாமல், பேரனை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டு வெளியே நின்றிருக்கிறார். “நாங்கள் கபீர் வழி. வெளியே நின்றாலும் ஒன்றுதான்” என்று சொல்லிச் சிரித்தார்.

மாமா ஒரு முக்காலியை நகர்த்திக் கொடுத்தார். அடுத்த ஒரு மணி நேரம் அங்கே கடை நடக்கவில்லை.

பந்து எங்கே தயாராகிறது என்று இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரியும் நான் அதுவரை யோசித்ததே இல்லை. 1947க்கு முன்னால் விளையாட்டுச் சாமான் என்றால் சியால்கோட்தான். பிரிவினையில் அந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போனது. அங்கிருந்த இந்து முதலாளிகள் ஜலந்தருக்கும் மீரட்டுக்கும் வந்தார்கள். முதலாளிகள் வந்த கதை எல்லா இடத்திலும் இருக்கிறது. அவர்களோடு தொழில் தெரிந்த கைகளும் வந்தன. சியால்கோட் பக்கத்து மேக் சாதியினர், பட்டியல் சாதி மக்கள், அகதிகளாக வந்து குடியேறிய இடங்களில் ஒன்றுதான் பார்கவ் கேம்ப். பெரியவர் வரும்போது நாலு வயது. 1951 அக்டோபரில் அம்பேத்கர் ஜலந்தருக்கு வந்து பேசியபோது அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தாராம். என்ன பேசினார் என்று கேட்டேன். “ஞாபகம் இல்லை. கூட்டம்தான் ஞாபகம்” என்றார்.

தையலில் ஆரம்பித்து, இளவயதிலேயே தோல் வெட்டுகிற வேலைக்கு உயர்ந்திருக்கிறார். அப்போதெல்லாம் பந்து நீளநீளப் பட்டைகளாக இருக்கும், இன்றைய வாலிபால் மாதிரி. ஒருநாள் முதலாளி வெளிநாட்டிலிருந்து வந்த புது மாதிரிப் பந்து ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, இதேபோல் ஒன்று வேண்டும் என்றிருக்கிறார். கறுப்பும் வெள்ளையுமான பந்து.

அந்தப் பந்தின் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. டென்மார்க்கின் கோல்கீப்பராக இருந்த ஐகில் நீல்சன் 1947இல் ‘செலக்ட்’ என்ற கம்பெனியைத் தொடங்கினார். 1962இல் அவர் கொண்டுவந்ததுதான் 32 துண்டுப் பந்து. 20 அறுகோணம், 12 ஐங்கோணம். 1970 மெக்சிகோ உலகக் கோப்பைக்கு அடிடாஸ் இதே அமைப்பில் ‘டெல்ஸ்டார்’ பந்தைச் செய்தது. கறுப்பு வெள்ளை டிவியில் பந்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஐங்கோணங்களைக் கறுப்பாக்கினார்கள். இன்றைக்கும் ஒரு குழந்தையிடம் பந்து வரையச் சொன்னால் அதைத்தான் வரையும். நீல்சனின் பெருமையை நான் குறைக்கவில்லை, மகத்தான வேலை அது.

பெரியவர் அந்தப் பந்தை என்ன செய்தார் தெரியுமா? தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். 32 துண்டுகளையும் செய்தித்தாள் மேல் பரப்பினார். கோணம் அளக்கக் கருவி கிடையாது, கணக்குப் படிப்பும் கிடையாது. நூலை வைத்து ஓரங்களை அளந்தார். அறுகோணத்தின் ஓரமும் ஐங்கோணத்தின் ஓரமும் ஒரே நீளம் என்று நூல் சொன்னது. அதன்படி தோலை வெட்டித் தைத்துக் காற்றடித்தால், வந்தது பந்து இல்லை. “ஆலூ” என்றார். உருளைக்கிழங்கு.

இரண்டாவதும் உருளைக்கிழங்கு. மூன்றாவது கொஞ்சம் நல்ல உருளைக்கிழங்கு. மாமாவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல அவர் குலுங்கிச் சிரித்தார்.

பிறகு பிடிபட்டிருக்கிறது. அளவில் தப்பில்லை, தோலில்தான் விஷயம். முதுகுத் தோல் இழுத்தால் நிற்கும். வயிற்றுத் தோல் ஓடும். எந்தத் துண்டு மாட்டின் எந்த இடத்திலிருந்து வந்தது என்று பார்க்காமல் வெட்டித் தைத்தால், காற்றடித்ததும் ஒரு பக்கம் பிதுங்கும். ஒரே மாதிரி இழுவை உள்ள துண்டுகளை எதிரெதிராக வைத்துத் தைத்தபோதுதான் பந்து பந்தாக வந்தது. அந்தப் பட்டறையில் முதல் 32 துண்டுப் பந்து.

வயிற்றுத் தோல் ஓடும் என்று அவர் சொன்னபோது கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துத் தேய்த்துக் காட்டினார். எனக்கு அதற்கு மேல் அவர் பேசியது கொஞ்ச நேரம் காதில் விழவில்லை.

என் தாத்தா செம்பட்டுத் தோல்ஷாப்பில் வேலை பார்த்தவர். சுண்ணாம்புக் குழியில் தோலைப் போட்டு எடுப்பது, மயிர் வழிப்பது, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறவைப்பது. வேலையை விட்டுப் பல வருடம் ஆன பிறகும் அந்த வாசனை அவர் உடம்பை விட்டுப் போகவில்லை. அவருக்கு ஒரு பழக்கம். எதைப் பார்த்தாலும் இரண்டு விரலால் தேய்த்துப் பார்ப்பார். ஒருமுறை கடைக்குக் கூட்டிப்போய் எனக்குப் பெல்ட் வாங்கும்போது, கடைக்காரர் முன்னாலேயே அதைத் தேய்த்து, “இது வயித்துத் தோலு தம்பி, தொங்கிப்போயிடும்” என்றார். கடைக்காரர் அவரைப் பார்த்த பார்வையும், நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டதும் இன்றைக்கும் மறக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தாத்தா என்ன வேலை என்று கேட்டபோது பொன்மலை ரயில்வே என்று சொன்னேன். எங்கள் வகுப்பில் பாதித் தாத்தாக்கள் பொன்மலை ரயில்வேதான். எத்தனை பேர் என்னைப் போலச் சொன்னார்களோ.

எங்கள் முதல் பந்தையும் அவர் அப்படித்தான் தேய்த்துப் பார்த்தார். “இது தோலே இல்லடா” என்றார். நாங்கள் அந்தப் பந்தோடு விளையாடும்போது பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு வாசலில் போய் விழுந்தால், அந்த வீட்டுக்காரர் கையால் தொடமாட்டார். குச்சியால் தள்ளிவிடுவார். தோல் தீட்டு, அதனால்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பந்து ரெக்சின். தீட்டு பந்தில் இல்லை என்று புரிய எனக்குப் பல வருடம் ஆனது.

நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு எதிரே ஒரு கடையில் மிருதங்கக் கச்சேரி ஓடிக்கொண்டிருந்தது. டி.எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ படித்திருப்பீர்கள், படிக்காதவர்கள் தேடிப் படியுங்கள். பாலக்காடு மணி ஐயரின் மிருதங்கத்துக்கு நாதம் அமைத்துக் கொடுத்த பர்லாந்து பற்றி அதில் இருக்கிறது. மாட்டுத் தோலும் ஆட்டுத் தோலும் எங்கே எப்படி வைத்தால் சுருதி நிற்கும் என்று விரலால் கண்டுபிடித்தவர்கள் தலித் கிறித்தவர்கள். 2020இல் அந்தப் புத்தக வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. வாத்தியம் மேடை ஏறலாம், அதைச் செய்தவன் கதை ஏறக்கூடாது.

பெரியவர் கதைக்கு வருகிறேன். பந்து சரியாக வந்ததும் முதலாளி தோளில் தட்டிக் கொடுத்தாராம். அடுத்த மாதமே அந்த அளவில் இரும்பு அச்சு அடித்து வந்துவிட்டது. அச்சு வந்தபின் யார் வேண்டுமானாலும் வெட்டலாம். தோலும் போய் செயற்கைத் துணி வந்தபின் முதுகு, வயிறு பார்க்கவும் வேண்டியதில்லை. அவரைத் திரும்பத் தையலுக்கு அனுப்பிவிட்டார்கள். பந்துக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு பந்துக்குள் 90 ஓரங்கள் சேர வேண்டும். அறுநூறுக்கு மேல் தையல். கை பழகியவருக்கே மூன்று மணி நேரத்துக்குக் குறையாது.

கோபம் வரவில்லையா என்று கேட்டேன். நாம் கேட்கிற கேள்விதானே அது. அவர் மாமாவின் குத்தூசியைக் கையில் உருட்டிக்கொண்டே, “என் மகளும் தைத்தாள். ஒன்பது வயதில்” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

1996இல் ‘லைஃப்’ பத்திரிகையில் பாகிஸ்தான் சிறுவன் ஒருவன் பந்து தைக்கும் படம் வந்து உலகம் அதிர்ந்தது. மறு வருடம் அட்லாண்டாவில் கம்பெனிகள் உடன்பாடு போட்டன. சியால்கோட்டில் வீட்டுத் தையல் நின்று, கண்காணிப்புள்ள தையல் மையங்கள் வந்தன. குழந்தைகளை எடுத்தது சரிதான், அதில் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் மையத்துக்குப் போக முடியாத பெண்கள் வருமானம் இழந்தார்கள். தைப்பவரின் கூலி ஏன் இவ்வளவு குறைவு, பிள்ளையும் உட்கார்ந்தால்தான் உலை கொதிக்கும் என்ற நிலை ஏன் என்ற கேள்வி அந்த உடன்பாட்டில் பெரிதாக இடம்பெறவில்லை. களத்தில் வேலை செய்யப் போகும் தோழர்கள் இந்த உதாரணத்தைக் கொஞ்சம் வாசித்துவிட்டுப் போங்கள்.

நான் டிவியில் பார்த்து அழுத கத்தார் இறுதி ஆட்டத்துப் பந்தில் தையலே கிடையாது. 20 துண்டுகள், வெப்பத்தால் ஒட்டியது, உள்ளே சென்சார். அந்த ரகப் பந்துகளை இன்றும் செய்கிற ஊர்களில் சியால்கோட் ஒன்று. அதைச் சொன்னேன். “ஒட்டினால் என்ன, உருண்டையாக வருகிறதா?” என்று மட்டும் கேட்டார்.

பிறகு எங்கள் பந்தை எடுத்துக்கொண்டார். வாய் திறந்த இடத்திலிருந்து இன்னும் இரண்டு ஓரங்களை அறுத்து, பிளாடரை உருவி, பழத்தோலைப் புரட்டுவது போல் பந்தை உள்வெளியாகத் திருப்பினார். நூலுக்கு மெழுகு கேட்டார். மாமா கொடுத்தார். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி. இரண்டும் ஒரே துளையில் எதிரெதிராகப் போய், இரண்டு கையும் ஒரே நேரத்தில் விரிந்து இழுக்கும். கை நடுங்கியது. ஆனால் இழுக்கிற கணத்தில் மட்டும் நடுங்கவில்லை. கடைசி ஓரத்தை மட்டும் பந்தை நேராக்கியபின் வெளியிலிருந்துதான் மூட வேண்டும். அந்த முடிச்சை எப்படி உள்ளே தள்ளி மறைப்பது என்பதை மாமாவுக்கு மூன்று முறை காட்டினார். இருவருக்கும் நடுவே மொழி தேவைப்படவில்லை. நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். கோபுர வாசலில் கூட்டம் எங்களைச் சுற்றி வளைந்து போய்க்கொண்டிருந்தது.

பேரன் புளியோதரைப் பொட்டலத்தோடு வந்தான். தாத்தா ரோட்டோரத்தில் உட்கார்ந்து பந்து தைப்பதைப் பார்த்ததும் அவன் முகம் போன போக்கு எனக்கு நன்றாகத் தெரிந்த போக்கு. இரண்டடி தள்ளியே நின்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. “உங்க தாத்தா எங்களுக்கு ஒரு வித்தை சொல்லிக் கொடுத்திருக்கார்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். தலையாட்டினான்.

கிளம்பும்போது பெரியவர் என் சட்டையைத் திருப்பி முதுகைப் பார்த்தார். “மெஸ்ஸி” என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, உன் தாத்தா என்ன செய்தார் என்று கேட்டார். அவ்வளவு நேரம் நான் சொல்லவே இல்லை. சொன்னேன். செம்பட்டு, தோல்ஷாப்பு, சுண்ணாம்புக் குழி எல்லாம் சொன்னேன். பேர் என்ன என்றார். பேரையும் சொன்னேன். அதை ஒருமுறை தப்பாகவும் ஒருமுறை சரியாகவும் சொல்லிப் பார்த்துவிட்டு, பேரன் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா மண்டபம் பக்கம் நடந்தார்.

அந்த ஓரம் இன்னும் விடவில்லை. போன வாரம் அதே பந்தில் வேறொரு ஓரம் பிரிந்தது. மாமாவிடம் கொண்டுபோனேன். உள்பக்கமாகத்தான் தைப்பேன் என்று வாங்கி வைத்துக்கொண்டார். மூன்று நாள் ஆகிறது. தைத்து முடித்துவிட்டாராம், திருப்பத்தான் வரவில்லையாம்.