நான்கு பெயர், ஒரே பட்டியல்

பொருள்நோக்கு நிரலாக்கம் என்றால் என்ன என்று கணினிப் பயன்பாட்டியல் மாணவர் ஒருவரைக் கேட்டால் விடை உடனே வரும். உறைபொதியாக்கம், அருவமாக்கம், மரபுரிமம், பல்லுருவாக்கம் என நான்கு தூண்கள். தூணுக்கு இரண்டு வரி வரையறை. எடுத்துக்காட்டும் பெரும்பாலும் ஒன்றுதான். விலங்கு என்றொரு வகுப்பு, அதன் வழித்தோன்றல்களாக நாயும் பூனையும். ‘சத்தமிடு’ என்று கட்டளையிட்டால் நாய் குரைக்கும், பூனை கத்தும். பத்து மதிப்பெண் வினாவுக்கு இது போதும். வேலைவாய்ப்பு நேர்காணலுக்கும் பல நேரங்களில் போதும். ஜாவாவில் ஒரு வேலையைத் தொடங்கி முடித்தவர்களுக்குத்தான் தெரியும், அந்த நாயும் பூனையும் பிறகு எந்த நிரலிலும் தலைகாட்டுவதில்லை என்று.

மொழியியலிலிருந்து நிரலாக்கத்துக்கு வருபவரை இந்த நாய்–பூனை மரம் மற்றவர்களைவிட எளிதில் மயக்கிவிடுகிறது. மொழிக்குடும்ப மரங்களையும் சொற்பொருள் அடுக்குகளையும் வரைந்து பழகிய கை அது. ஐதராபாத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி ஒருவருக்கு நேர்ந்ததும் இதுவே. அவருடைய ஆய்வு கோலார் தங்கவயல் தமிழைப் பற்றியது. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. அதற்கு முன் நிலத்தடியில் உழைத்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், இன்று கல்லூரியில் பயிலும் பேரப்பிள்ளைகள் என மூன்று தலைமுறையின் பேச்சில் சொற்கள் எவ்வாறு மாறியுள்ளன என்பது ஆய்வுக் கேள்வி. சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், ஆண்டர்சன்பேட்டை ஆகிய மூன்று குடியிருப்புகளில், இடத்துக்கு நால்வராகப் பன்னிருவரின் பேச்சை அவர் பதிவு செய்து எழுத்தில் பெயர்த்திருந்தார்.

இன்று இத்துறைக்குப் புதிதாக வருவோர் பைத்தானில் தொடங்குகின்றனர். ஆனால் ஸ்டான்ஃபோர்டு கோர்என்எல்பி, ஓப்பன்என்எல்பி, மாலட், வேகா என ஒரு தலைமுறையின் கருவிகள் ஜாவாவில் எழுதப்பட்டவை. அவருடைய ஆய்வகத்தில் இருந்த பழைய சொற்பகுப்புக் கருவியும் ஜாவாதான். ஆகவே ஜாவா.

முதல் வாரத்திலேயே அவர் ‘பேச்சாளர்’ என்ற வகுப்பை எழுதினார், தமிழ் எழுத்திலேயே. ஜாவா தன் தொடக்கம் முதல் யூனிகோடை ஏற்பதால் வகுப்புக்கும் மாறிக்கும் தமிழில் பெயரிடத் தடையில்லை. மொழியின் கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலமாகவே நிற்கும். பெயர், வயது, ஊர், சொற்பட்டியல் ஆகியவை பேச்சாளரின் உறுப்புகள். பிறகு பாடநூல் காட்டிய வழியில் கிளைகள் விரிந்தன: பேச்சாளரின் வழித்தோன்றல்களாகச் ‘சுரங்கத் தொழிலாளர்’, ‘இல்லத்தரசி’, ‘பெங்களூருப் பயணி’, ‘மாணவர்’. தாளில் பார்க்க மிக அழகான மரம்.

அந்த மரத்தைச் சாய்த்தவர் மாரிக்குப்பத்து முதியவர் ஒருவர். சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கம் மூடியபின் தங்கவயல் மக்கள் பலரைப் போல நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூரு சென்று காவலாளி வேலை செய்தவர். அவர் எந்த வகுப்பில் சேர்வார்? ஜாவாவில் ஒரு வகுப்புக்கு ஒரே பெற்றோர். இரு வகுப்புகளிலிருந்து பிறக்க முடியாது. அதைவிடக் கடுமையான விதி ஒன்றும் உண்டு. ஒரு பொருள் எந்த வகுப்பின் பெயரால் உருவாக்கப்பட்டதோ, நினைவகத்திலிருந்து நீங்கும்வரை அந்த வகுப்பிலேயே அது இருந்தாக வேண்டும். சுரங்கத் தொழிலாளராகப் பிறந்த பொருள் 2001க்குப் பிறகும் சுரங்கத் தொழிலாளரே.

இவ்விடத்தில் தமிழ்க் கலைச்சொல் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல் இந்த நிரலாக்கக் கருத்துக்கு ‘இனக்குழு’ என்று பெயரிட்டுள்ளது. அது பொருந்தாது என்று ‘வகுப்பு’ என்போர் உளர். சாதிச் சான்றிதழில் இருப்பதும் அதே சொல்தான். பிறப்பால் அமைந்து பின்னர் மாற்றவியலாத ஒன்றுக்கு இந்த இரு சொற்களும் வந்து வாய்த்ததை மொழிபெயர்த்தவர்கள் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். இச்சொற்களைக் குறை கூறுவதைவிட அவை தரும் எச்சரிக்கையைக் கேட்டுக்கொள்வது பயனுள்ளது. மனிதர்களைப் பற்றிய தரவில் மரபுரிமத்தைக் கையாளும் ஒவ்வொரு முறையும், இந்தப் பண்பு இவரிடமிருந்து எப்போதும் நீங்காததா என்று கேட்கவேண்டும். தொழில் நீங்கக்கூடியது, ஊர் மாறக்கூடியது. எனவே அவை வகுப்புகளாக இருக்கத் தகுதியற்றவை. பேச்சாளரின் உறுப்புகளாக இருந்தால் போதும். மாணவி நான்கு கிளைகளையும் நீக்கிவிட்டு, ‘தொழில்கள்’ என்ற பட்டியலைப் பேச்சாளருக்குள் வைத்தார். முதியவரின் பட்டியலில் இரண்டு தொழில்கள் ஆண்டுகளோடு அமர்ந்தன. நிரல் பாதியாகச் சுருங்கியது.

வரலாறும் இதற்குத் துணை நிற்கிறது. நார்வே நாட்டின் ஊலெ-யோகன் டால், கிறிஸ்டன் நீகார்ட் ஆகிய இருவரும் 1960களில் சிமுலா மொழியை உருவாக்கியது உலகத்தைப் பாகுபடுத்திக் காட்டுவதற்காக அன்று. வரிசையில் நிற்கும் வண்டிகள், காத்திருக்கும் வாடிக்கையாளர்கள் எனக் காலத்தோடு இயங்குபவற்றைக் கணினியில் நடித்துக் காட்டவே அவர்களுக்கு ஒரு மொழி தேவைப்பட்டது. சிமுலா 67இல்தான் வகுப்பும் துணைவகுப்பும் பிறந்தன. நீகார்ட் பின்னர் நார்வேயின் உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு இணைந்து, பணியிடத்துக்கு வரும் கணினியைத் தொழிலாளரே புரிந்துகொள்ள வழிசெய்தார். விலங்கியல் மரம் பாட நூல்களில் வந்து ஒட்டிக்கொண்டது. இயங்குபவற்றைப் பற்றிய ஒரு கருத்து, அசையாத பட்டியலாக வகுப்பறைக்குள் வந்து சேர்ந்தது.

இவ்வளவும் கடந்தபின் மாணவியின் நிரல் ஓடியது. பிழைச் செய்தி ஒன்றுகூட இல்லை. முடிவு வியப்பூட்டுவதாக இருந்தது. மூன்று குடியிருப்புகளின் சொற்களுக்கு இடையே தெளிவான வேறுபாடு. தலைமுறைகளுக்கு இடையே வேறுபாடே இல்லை. தங்கவயல் தமிழை வேறுபடுத்துவது வயதன்று, வாழும் இடம் என்று ஆயிற்று. சுரங்கக் குடியிருப்புகள் தனித்தனியே வாழ்ந்தவை என்பதால் அம்முடிவுக்கு விளக்கமும் கிடைத்துவிட்டது. கருத்தரங்குக்கான ஆய்வுச் சுருக்கம் எழுதப்பட்டது.

அதை அனுப்பும் முன், பின்னிணைப்பில் சேர்க்க ஓரிரு பேச்சாளரின் சொற்களைக் காட்டும்படி நெறியாளர் கேட்டார். மாணவி 74 வயது மூதாட்டி ஒருவரின் பட்டியலைத் திறந்தார். அதில் ‘அசைன்மென்ட்’ இருந்தது. மூதாட்டியோடு இரண்டு மதியப்பொழுதுகள் அமர்ந்து, அவர் குரலை எத்தனையோ முறை திரும்பக் கேட்டு எழுதியவர் அவர். அந்தச் சொல் அந்த வாயிலிருந்து வரவில்லை என்பது அவருக்கு உறுதியாகத் தெரியும். அது அதே குடியிருப்பின் கல்லூரி மாணவருடைய சொல். அவருடைய பட்டியலைத் திறந்தால் அங்கே மூதாட்டியின் சொற்கள் முழுவதும் இருந்தன.

நடந்தது இதுதான். நிரலில் ஒன்றனுள் ஒன்றாக இரு மடக்குகள் இருந்தன; வெளியே குடியிருப்பு, உள்ளே பேச்சாளர். புதிய சொற்பட்டியலை உருவாக்கும் ‘நியூ’ வரி வெளி மடக்கில் நின்றது. உள் மடக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புதிய பேச்சாளரை முறைப்படி உருவாக்கியது. அவர் கையில் அதே பட்டியலைக் கொடுத்தது. பன்னிரண்டு பேச்சாளர், மூன்றே பட்டியல்கள். மூதாட்டியின் சொற்கள் சேர்ந்த இடத்திலேயே பேரனின் சொற்களும் சேர்ந்தன.

கணவனும் மனைவியும் வைத்திருக்கும் கூட்டுக் கணக்கை எண்ணிப் பார்க்கலாம். கணவன் பணம் எடுத்தால் மனைவி பார்க்கும் இருப்பும் குறையும். கணக்கு ஒன்று, அதைக் குறிக்கும் பெயர்கள் இரண்டு. பாஸ்புக்கை ஜெராக்ஸ் எடுத்து வைத்தால் அந்தத் தாளில் எதுவும் மாறாது. ஜாவாவில் ஒரு பொருளைப் பெயர் மாற்றி இன்னொரு மாறிக்குக் கொடுத்தால் கிடைப்பது கூட்டுக் கணக்கு. ஜெராக்ஸ் வேண்டுமென்றால் அதைத் தனியே கேட்டுப் பெறவேண்டும். மாறியில் இருப்பது பொருளன்று, பொருளை நோக்கிய சுட்டு. தமிழ் இலக்கணம் பயின்றவருக்குச் சுட்டு புதிதன்று. ‘அது’ என்ற சொல்லுக்குள் எந்தப் பொருளும் இல்லை. அது காட்டும் இடத்தில் பொருள் உண்டு. விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒரே கோளின் இரு பெயர்கள் என்பதை வைத்துப் ஃப்ரேகெ 1892இல் எழுப்பிய கேள்வியை முதுகலையில் படித்து எழுதித் தேறியவர்தான் இம்மாணவியும். அந்தக் கேள்வி ஒரு ‘நியூ’ வரியின் வடிவில் எதிரே வரும் என்று எந்தப் பாடநூலும் அவருக்குச் சொல்லவில்லை.

ஜாவா 1995இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்திடமிருந்து வெளிவந்தபோது, சி மொழியின் சுட்டிகள் தரும் தொல்லை இதில் இல்லை என்பது அதன் பெருமைகளுள் ஒன்றாகப் பேசப்பட்டது. சுட்டிகளை எண்களைப் போலக் கூட்டிக் கழிக்கும் வசதியே உண்மையில் நீக்கப்பட்டது, சுட்டுதல் நீங்கவில்லை. ஜாவா கற்போர் மிகுதியாகச் சந்திக்கும் பிழைச் செய்தியான ‘நல்பாய்ன்டர் எக்ஸெப்ஷன்’ என்பதன் பெயருக்குள்ளேயே இல்லாத சுட்டி இருக்கிறது.

‘நியூ’ வரி ஒரு மடக்கு உள்ளே தள்ளப்பட்டது. திருத்தம் அவ்வளவே. பன்னிரண்டு பட்டியல்களும் பிரிந்தன. தலைமுறை வேறுபாடு எழுந்து நின்றது. குடியிருப்பு வேறுபாடு பெரும்பாலும் கரைந்தது. ஆய்வுச் சுருக்கம் குப்பைக்குச் சென்றது. நிரல் நிற்காமல் ஓடியதையும் முடிவு நம்பும்படி இருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், அந்த ஒரு சொல் கண்ணில் படாதிருந்தால் என்னவாகியிருக்கும் என்பது தெளிவு. கம்பைலருக்கு மூதாட்டியைத் தெரியாது.

இதன் பிறகு ‘ஒன்று’ என்பது பற்றிய ஐயம் அவரை விடவில்லை. ஜாவாவில் இரட்டைச் சமக்குறி, இரு சுட்டுகளும் ஒரே பொருளைக் காட்டுகின்றனவா என்று கேட்கும். ‘ஈக்வல்ஸ்’ என்ற செயற்கூறு, உள்ளடக்கம் ஒத்திருக்கிறதா என்று கேட்கும். சொல்லெண்ணிக்கைகளை ‘இன்டிஜர்’ பொருள்களாக வைத்து இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் 127 வரை எல்லாம் சரியாக நடப்பதுபோல் தோன்றும். சிறு எண்களுக்கான பொருள்களை ஜாவா முன்பே செய்து வைத்துத் திரும்பத் திரும்பத் தருவதால் வரும் மாயம் அது. 128இல் மாயம் கலையும். சிறிய மாதிரித் தரவை வைத்துச் சோதித்தவருக்கு அது தெரியவே வராது.

‘ஈக்வல்ஸ்’ மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. ‘கொ’ என்ற எழுத்தின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் இடலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் இடலாம். கண்ணுக்கு ஒன்றே, ‘ஈக்வல்ஸ்’ வேறு என்று சொல்லும். இருவேறு விசைப்பலகைகளில் எழுத்துப்பெயர்ப்பு நடந்திருந்தால் ஒரே சொல் இரண்டாக எண்ணப்படும். ‘நார்மலைசர்’ கொண்டு முதலில் சீர்ப்படுத்தினால் அது தீரும்.

தீராதது அதற்கடுத்தது. மூதாட்டி ‘ஷாப்டு’ என்கிறார், பேரன் ‘ஷாஃப்ட்’ என்கிறான். இரண்டும் ஒரே சொல்லா? ஒன்று எனக் கொண்டால் தலைமுறை ஒலிமாற்றம் கணக்கிலிருந்து மறையும். வேறு எனக் கொண்டால் பாட்டியும் பேரனும் பகிரும் சுரங்கச் சொல் பகிராததாகிவிடும். ஜாவா இங்கே எந்தப் பதிலும் சொல்லாது. ‘சொல்’ என்ற வகுப்பை எழுதுபவர் அதன் ‘ஈக்வல்ஸ்’ எது என்பதைத் தாமே எழுதிக் கொடுக்கவேண்டும். அதற்கு இசைய ‘ஹாஷ்கோட்’ செயற்கூற்றையும் எழுதவேண்டும். மாணவி இரண்டு விதமாகவும் எழுதி, இரண்டு முறையும் ஓட்டி, இரு அட்டவணைகளையும் அருகருகே வைத்திருக்கிறார். அந்தச் செயற்கூற்றின் தலைப்பில் விளக்கக் குறிப்பாகத் தொடங்கியது நீண்டு மூன்று பக்கமாகிவிட்டது. நெறியாளரின் அறிவுரைப்படி அது இப்போது நிரலிலிருந்து வெளியேறி, ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் இருக்கிறது.