பெயர் மாறிய கோடுகள்

இத்தமிழ்த்துறையில் பயின்று, பின்னர்க் கணினிப் பணிக்குச் சென்றவன் நான். "தமிழ் படித்தவனுக்குக் கணினி அறையில் என்ன வேலை?" என்று வினவுவோர் இன்றும் உளர். அவ்வினாவுக்கு விடையாக, 2011ஆம் ஆண்டில் நான் செய்த பிழை ஒன்றை இம்மலரில் பதிவு செய்ய விழைகின்றேன். வெற்றிகளை எடுத்துரைப்போர் பலர். பிழையை எடுத்துரைப்பதும் பின்வருவோர்க்குப் பயன் தரும் என்பது என் நம்பிக்கை.

சர்வர் எனப்படும் கணினிகள் இரவும் பகலும் ஓய்வின்றி இயங்குபவை. அவற்றின் நிலையைக் கண்காணிக்கத் தனி மென்பொருள்கள் உள்ளன. 1994இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டோபியாஸ் ஓட்டிக்கர், ஒரே ஒரு 64 கிலோபிட் இணைப்பின் நெரிசலை யாவரும் காணும்படி வரைபடமாக்க ஒரு சிறு நிரல் எழுதினார். அதுவே எம்.ஆர்.டி.ஜி. என்னும் புகழ்பெற்ற மென்பொருளாக வளர்ந்தது. லாத்வியா நாட்டு அலெக்ஸி விளாதிஷெவ் உருவாக்கிய சாபிக்ஸ் 2001இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. நாங்கள் பயன்படுத்தியது இந்தச் சாபிக்ஸையே.

எங்கள் பொறுப்பில் 180 சர்வர்கள் இருந்தன. ஒவ்வொன்றின் வட்டும் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பதைக் காட்டும் வரைபடம் அமைக்குமாறு எனக்குப் பணிக்கப்பட்டது. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு கைகள் நிறுவிய இயந்திரங்கள் ஆதலால், அவற்றைப் பொது வார்ப்பு ஒன்றில் அடக்க இயலவில்லை. பெயரைத் தேர்ந்து, அளவீட்டைத் தேர்ந்து, நிறம் குறித்துச் சேமிக்க ஒன்றுக்கு நான்கு நிமிடம் ஆயிற்று. அவ்வாறாயின் முழுப்பணிக்கும் பன்னிரண்டு மணி நேரம்!

2009இல் வெளிவந்த சாபிக்ஸ் 1.8 பதிப்பில், வெளியிலிருந்து ஒரு ஸ்கிரிப்ட் வாயிலாக மென்பொருளுக்குக் கட்டளையிடும் வசதி தரப்பட்டிருந்தது. அதனைப் பயன்படுத்திப் பைத்தான் மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அது இயந்திரங்களின் பெயர்ப்பட்டியலைப் பெறும். வட்டு அளவீடுகளின் பட்டியலையும் பெறும். முதற்பெயருக்கு முதல் அளவீடு, இரண்டாம் பெயருக்கு இரண்டாம் அளவீடு என இணைத்து வரைபடங்களை உருவாக்கும். சில நிமிடங்களில் வேலை முடிந்தது. முதற்பத்து வரைபடங்களைத் திறந்து பார்த்தேன். யாவும் செம்மையாக இருந்தன. பெருமிதத்துடன் வீடு திரும்பினேன்.

37ஆம் இயந்திரத்திற்கு வட்டு அளவீடே அமைக்கப்படவில்லை என்பதை நான் அறியேன். பெயர்கள் 180, அளவீடுகளோ 179. ஆகவே 37ஆம் பெயரின்கீழ் 38ஆம் இயந்திரத்தின் கோடு அமர்ந்தது. அதன்பின் வந்தவை அனைத்தும் ஒவ்வோர் இடம் நகர்ந்தன. இறுதிப் பெயருக்கு வரைபடமே இல்லை. அளவீட்டுப் பட்டியல் தீர்ந்தவுடன் ஸ்கிரிப்ட் ஓசையின்றி நின்றுவிட்டது.

சில வாரங்கள் சென்றன. புதிதாகப் பணியில் சேர்ந்த இளம்பெண் ஒருவர் என்னிடம் வந்து, "சார், 89ஆம் இயந்திரத்தின் கோடு ஏறிக்கொண்டே போகிறது. உள்ளே சென்று பார்த்தால் வட்டில் பாதி இடம் காலியாக இருக்கிறதே!" என்றார். நான் நிமிர்ந்தும் பாராமல், "வரைபடம் சில நேரம் பின்தங்கும், கவலைப்படாதீர்கள்" என்றேன். ஏறிக்கொண்டிருந்தது 90ஆம் இயந்திரத்தின் கோடு. எச்சரிக்கை வந்துதான் இருந்தது. பெயர் மாறி வந்திருந்தது.

தானே எச்சரிக்கும் ஏற்பாடு அந்நாளில் எல்லா இயந்திரங்களுக்கும் செய்யப்படவில்லை. காலைதோறும் கோடுகளைப் பார்வையிடுவதே எங்கள் காவல். இரண்டு நாள் கழித்து, நள்ளிரவில் 90ஆம் இயந்திரத்தின் வட்டு முற்றும் நிரம்பியது. அதிலிருந்த தரவுத்தளம் எழுத இயலாமல் நின்றது. அன்றிரவு ஆயத்தமாக வேண்டியது ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பட்டியல். தொழிலாளர்கள் ஊதியத்திற்கு மேலும் ஒரு நாள் காத்திருந்தனர். மாத முதல் நாளை எதிர்நோக்கும் இல்லத்தில் ஒரு நாள் என்பது எத்துணை நீளமானது என்பதை, அத்தகைய இல்லத்தில் வளர்ந்த நான் அறிவேன்.

மறுநாள் மேலாளர் முன்னிலையில் பிழை என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். அப்பெண்ணிடமும் வருத்தம் தெரிவித்தேன். உண்மையில் அதுவே கடினமாக இருந்தது.

ஸ்கிரிப்டைத் திருத்த அமர்ந்தபோது நினைவுக்கு வந்தது இக்கல்லூரியின் வகுப்பறை. பாடபேதம் பற்றி ஆசிரியர் நடத்திய பாடம் அது. ஏட்டைப் படியெடுப்பவர் செய்யும் பிழை, அந்த ஓர் ஏட்டையும் அதன் வழிவந்த படிகளையும் மட்டுமே சாரும். அச்சில் நேரும் பிழையோ ஒரே நாளில் எல்லாப் படிகளிலும் பரவிவிடும். 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கியே பாடத்தைத் துணிந்தார். நானோ என் அச்சுக்கூடத்தை ஓட்டிவிட்டு, முதற்பத்துப் பக்கங்களைப் பார்த்து மனநிறைவு கொண்டேன்!

ஒவ்வோர் அளவீடும் தான் எந்த இயந்திரத்தைச் சேர்ந்தது என்னும் அடையாள எண்ணைத் தன்னுடனேயே கொண்டுள்ளது. வரிசையை நம்பாமல் அவ்வெண்ணை வைத்தே இணைக்குமாறு ஸ்கிரிப்டை மாற்றினேன். அளவீடு இல்லாத இயந்திரத்தைப் பெயர் சொல்லி அறிவிக்கச் செய்தேன். வரைபடங்கள் உருவானபின் அவற்றைத் திரும்பப் படித்து, மூலப்பட்டியலோடு ஒப்பிடும் பகுதியையும் சேர்த்தேன். பழையவற்றை நீக்கிப் புதியவற்றை உருவாக்கச் சில நிமிடங்களே ஆயின. பிழையைப் பரப்பிய அதே விரைவு திருத்தத்தையும் பரப்பியது.

2012இல் வந்த சாபிக்ஸ் 2.0 பதிப்பு, இயந்திரத்தின் வட்டுகளைத் தானே கண்டறிந்து வரைபடம் அமைக்கும் வசதியைத் தந்தது. என் ஸ்கிரிப்டுக்கு வேலை குறைந்தது. ஆயினும் ஒப்புநோக்கும் பகுதியை மட்டும் நான் கைவிடவில்லை.

மாணவச் செல்வங்களே! நீங்கள் எத்துறைக்குச் சென்றாலும், பல நூறு பேரின் வேலையை நொடியில் முடிக்கும் கருவிகள் உங்கள் கைக்கு வரும். அவற்றை அஞ்ச வேண்டா. அவை முடித்துத் தந்ததை மூலத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். உங்களினும் இளையவர் வந்து "இது பொருந்தவில்லையே" என்று சொன்னால், நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள்.