ஆயர் ஈத்தாம் சாலையில் மண்ணும் மரமும்

ஜோகூர் மாநிலத்தின் நாற்சந்தி என்று ஆயர் ஈத்தாமைச் சொல்லலாம். ஒரு பக்கம் யோங் பெங், ஒரு பக்கம் சிம்பாங் ரெங்கம், கிழக்கே போனால் குளுவாங், மேற்கே போனால் பத்து பகாட். மலாய் மொழியில் இந்த ஊரின் பெயருக்குக் 'கறுப்புத் தண்ணீர்' என்று பொருள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994-இல் முழுமையாகத் திறக்கப்படும் வரை, கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே பழைய சாலையில் ஓடிய பஸ்களும் லாரிகளும் ஊருக்குள் வந்துதான் போகவேண்டும். பயணிகள் இறங்கிக் கால் நீட்டிக்கொள்ளும் நேரத்தில் வாங்கிய பழ ஊறுகாயும் மரவள்ளி வறுவலும் மண்பாண்டங்களும்தாம் இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன.

நெடுஞ்சாலை வந்தபின் கூட்டம் குறைந்தாலும் சட்டிபானைக் கடைகள் போகவில்லை. பூச்சாடி, தண்ணீர்த் தொட்டி, உண்டியல், யானை முக்காலி என்று சாலையோரத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். தோட்டத்து மக்களான நமக்கு இந்தக் களிமண் தொழிலோடு ஒரு பழைய உறவு உண்டு. அதுதான் பால் மங்கு.

மங்கு சொல்லும் கதை

இங்கிலாந்துக்காரரான ஹென்றி விக்காம் 1876-இல் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை லண்டனுக்குக் கொண்டு போனார். அங்கே முளைத்த கன்றுகளில் 22, அடுத்த ஆண்டு சிங்கப்பூர் பூந்தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. 1896-இல் மலாக்காவில் டான் சாய் யான் என்பவர் வியாபாரத்துக்காக ரப்பர் நட்டார். அதன்பின் காடெல்லாம் கித்தாத் தோட்டமாயிற்று. நம் பாட்டன் பாட்டிகள் கப்பலேறி வந்தார்கள்.

மரம் கொடுத்த பாலை ஏந்த ஏதாவது வேண்டுமே! தேங்காய்ச் சிரட்டையும் தகர டப்பாவும் பயன்பட்டன. பின்பு மெருகு பூசிய மண் மங்குகள் வந்தன. மலைச்சரிவில் படுத்திருக்கும் பாம்பைப்போல நீண்ட சீனச் சூளைகளை 'டிராகன் சூளை' என்பார்கள். ஜோகூரிலும் சிங்கப்பூரிலும் இருந்த அத்தகைய சூளைகள் ஒரு காலத்தில் பால் மங்குகளைச் சுட்டுத் தள்ளின. அந்தச் சூளைகளின் அடுப்பில் எரிந்ததும் விறகுதான். இன்று அந்த மங்கு கிடைத்தால் பட்டணத்தார் அதில் கள்ளிச்செடி வைத்து மேசைமேல் அழகு பார்க்கிறார்கள். நம் வீடுகளில் அதையே அலமாரிக் காலுக்கு அடியில் வைத்துத் தண்ணீர் ஊற்றி எறும்பைத் தடுத்தோம்.

விறகாய்ப் போன மரம்

ஆயர் ஈத்தாமிலிருந்து மேற்கே பத்து பகாட் வழியாகப் போனால் மூவார் வரும். நாட்டின் தளவாடத் தலைநகர் என்று மூவாரைச் சொல்கிறார்கள். அங்கே செய்யப்படும் மேசை நாற்காலிகள் பல நாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. அவற்றில் பெரும்பகுதிக்கு எது மூலப்பொருள் தெரியுமா? நாம் வெட்டி வெட்டிப் பாலெடுத்த அதே மரம்!

ரப்பர் மரம் 25 முதல் 30 ஆண்டுகள் பால் கொடுக்கும். அப்புறம் வெட்டிச் சாய்த்து மறுநடவு செய்வார்கள். சாய்த்த மரம் முன்பெல்லாம் புகைக்கூண்டுக்கும் செங்கல் சூளைக்கும் நம் அடுப்புக்கும் விறகாயிற்று. பலகையாக்க யாரும் துணியவில்லை. காரணம், இந்த மரத்தில் மாவுச்சத்து அதிகம். வெட்டிய சில நாட்களிலேயே நீலப்பூசணம் பிடிக்கும். துளை போடும் வண்டும் குடியேறும். கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம் போன்ற இடங்களில் நடந்த ஆய்வுகள் இதற்கு வழி காட்டின. அறுத்தவுடன் வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசலை அழுத்தம் கொடுத்து மரத்துக்குள் ஏற்றி, பிறகு சூட்டறையில் உலர்த்தினால் மரம் நிலைக்கிறது. 1980-களில் இந்தத் தொழில் வேகமாக வளர்ந்தது. பால் நின்றபின் விறகென்று தள்ளிய மரம் வரவேற்பறைக்கு வந்துவிட்டது.

தூக்கிப் போடும் முன்

மரத்துக்கு வந்த இந்த மறுவாழ்வு, நம் வீட்டுச் சாமான்களுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில வீடமைப்பு நிலமாயின. லயத்தைக் காலி செய்து அடுக்குமாடிக்குப் போகும் குடும்பங்கள் முதலில் கழிப்பது பழைய அலமாரியையும் பெஞ்சையும்தான். பழைய சாமான்காரர் சில வெள்ளி கொடுத்துத் தூக்கிப்போவார். அது மெருகேறி, பட்டணத்துக் கடையில் பல மடங்கு விலைக்கு நிற்கும்.

தமிழ்நாட்டில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்கு இது புரியும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பர்மாத் தேக்குக் கதவுகளும் தூண்களும் இனாமல் பாத்திரங்களும் அங்கே கடை கடையாக விற்பனைக்கு இருக்கின்றன. ஒரு குடும்பம் பாரமென்று விட்டது, இன்னொருவருக்குப் பொக்கிஷமாகிறது. நாமே அதைப் பொக்கிஷமாக்கிக் கொண்டால் என்ன?

செய்து பாருங்கள்

முதலில் சாமானைச் சோதியுங்கள். பலகையில் குண்டூசித் துளைகளும் அதனடியில் மாவு போன்ற தூளும் இருந்தால் வண்டு வேலை செய்கிறது. உளுத்த பலகையை மாற்றிவிடுங்கள். மற்றவற்றை வெயிலில் காயவைத்து, பூச்சு நீக்கிய மரத்தில் வெங்காரக் கரைசலைத் தூரிகையால் தடவி உலரவிடுங்கள். கறையான் மண் தெரிந்தால் அந்தச் சாமானை வீட்டுக்குள் கொண்டு வரவே வேண்டாம்.

அடுத்து பழைய சாயம். அக்காலச் சாயங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆகவே உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். தண்ணீர் நனைத்து, நீரில் தேய்க்கும் உப்புத்தாளால் தேயுங்கள், முகமூடி போடுங்கள், பிள்ளைகளைத் தூரத்தில் வையுங்கள். மரம் நன்றாகக் காய்ந்தபின் 120 எண் தாள், பிறகு 240 எண் தாள் என்று மர ரேகை ஓடும் திசையிலேயே இழைத்தால் கீறல் விழாது. ஆடும் மூட்டுகளுக்கு ஆணி அடிப்பதைவிட, பிரித்துச் சுத்தம் செய்து மரப்பசை வைத்துக் கயிற்றால் இறுக்கி ஒரு நாள் விடுவதே நல்லது. கிழிந்த கம்பி வலையையும் துருப்பிடித்த கீலையும் மாற்றி, இரண்டு தடவை மெல்லிய வார்னிஷ் பூசினால், பாட்டி குழம்புச் சட்டி வைத்த அலமாரி புத்தக அலமாரியாகிவிடும்.

மேற்பலகை கெட்டுப்போன மேசைக்கு ஆயர் ஈத்தாமே மருந்து தருகிறது. விளிம்பு உடைந்த தட்டு, கீறல் விழுந்த சாடி குறைந்த விலைக்குக் கிடைக்குமா என்று கடைகளில் கேட்டுப் பாருங்கள். சாக்கில் சுற்றிச் சுத்தியலால் உடையுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். தட்டையான துண்டுகளைப் பிளைவுட் பலகைமேல் ஓடு ஒட்டும் பசையால் பதித்து, ஒரு நாள் கழித்து இடைவெளிகளில் ஓட்டுச் சாந்து நிரப்பி, ஈரத் துணியால் துடைக்க வேண்டும். கூர்முனைகள் வெளியே நீட்டக்கூடாது. இது எளிய வேலைதானே என்று அலட்சியம் வேண்டாம். சண்டிகரில் நேக் சந்த் என்ற சாலை ஆய்வாளர், உடைந்த பீங்கானையும் கழிவுப் பொருளையும் கொண்டு அமைத்த பாறைத் தோட்டம் 1976-இல் திறக்கப்பட்டு, இன்றும் உலகெங்குமிருந்து ஆட்களை இழுக்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள். இடிக்கப்படும் லயத்திலிருந்து பலகை எடுப்பதானால் நிர்வாகத்திடம் அனுமதி கேளுங்கள். கூரையில் கல்நார்த் தகடு இருந்தால் அதைத் தொடவோ உடைக்கவோ கூடாது, அதன் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. அலமாரிக் காலடி மங்கில் வெறும் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். ஏடிஸ் கொசுவுக்கு அந்த அளவே போதும். உப்பு நிறையக் கலந்து வையுங்கள், அடிக்கடி மாற்றுங்கள்.

ஆயர் ஈத்தாம் பக்கம் போகும்போது வறுவல் பொட்டலத்தோடு இரண்டு உடைந்த தட்டுகளையும் வாங்கி வாருங்கள். வேலை முடிந்ததும் அலமாரிக் கதவின் உட்பக்கத்தில் தோட்டத்தின் பெயரையும், அதை வாங்கியவர் பெயரையும், ஆண்டையும் பென்சிலால் எழுதி வையுங்கள். தோட்டம் இல்லாமற் போன இடத்திலும் அந்த ஒரு வரி பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சும்.