கதிரவன் தொழும் கோலாப்பூர் அன்னை

ஆண்டுக்கு இருமுறை, மும்மூன்று நாள்கள், மாலைக் கதிரவன் கருவறை வரை வந்து அன்னையைத் தொழுது செல்லும் தலம் கோலாப்பூர். மேற்கு நோக்கி நின்றருளும் மகாலட்சுமியை அவ்வூரார் அம்பாபாய் என்றே அழைக்கின்றனர். நவம்பர் 9, 10, 11 ஆகிய நாள்களிலும், ஜனவரி 31, பிப்ரவரி 1, 2 ஆகிய நாள்களிலும் இவ்வழிபாடு நிகழும். மறையும் சூரியனின் கதிர்கள் முதல் நாள் அன்னையின் பாதத்தையும், இரண்டாம் நாள் திருமார்பையும், மூன்றாம் நாள் திருமுகத்தையும் தொடும் என்பர். கிரணோத்ஸவம் என்பது இதன் பெயர். நாம் சந்நிதியில் ஒரு நிமிடத்தில் செய்து முடிக்கும் பாதாதிகேச தரிசனத்தைக் கதிரவன் மூன்று நாள் எடுத்துக்கொண்டு நிதானமாகச் செய்கிறான்.

இச்செய்தியை என் மனைவி ஓர் ஆன்மிக இதழில் படித்த நாள் முதல், ஆண்டுதோறும் நாட்காட்டியில் நவம்பர் 9ஆம் தேதியைச் சுழித்து வைப்பாள். சிறுநீரகக் கோளாறினால் வாரம் மும்முறை ரத்த சுத்திகரிப்புக்குச் செல்ல வேண்டியிருந்தவளுக்கு அத்தனை நெடிய பயணம் வாய்க்கவில்லை. அவள் மறைந்த பின் பூஜை அலமாரியில் மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை ஒன்று கிடைத்தது. கூடவே இருந்த துண்டுச் சீட்டில் 'கோலாப்பூர்' என்று மட்டும் எழுதியிருந்தாள். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் பிறர் பணத்தை எண்ணியவன் நான். அந்த முடிச்சை அவிழ்த்து எண்ண மனம் வரவில்லை.

சென்னையிலிருந்து கோலாப்பூர் ஏறத்தாழ 950 கிலோமீட்டர். "இந்த வயசுல தனியா கார் ஓட்டிட்டுப் போகணுமாப்பா?" என்றாள் மகள். இருட்டிய பின் ஓட்டுவதில்லை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பது, நிற்கும் இடமெல்லாம் தொலைபேசியில் சொல்வது என்ற மூன்று நிபந்தனைகளின் பேரில் அனுமதி கிடைத்தது. காணிக்கை இருந்த பை முன்னால் பக்கத்து இருக்கையில் இருந்தது. பிரேக் பிடிக்கும்போது சரியாதிருக்க அதற்கும் பெல்ட் மாட்டினேன். சுங்கச்சாவடிப் பையன் ஒருவன் அதைப் பார்த்துச் சிரித்தான்.

நவம்பர் 7ஆம் தேதி விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட்டு, வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகச் சென்று, பெங்களூர் நகருக்குள் நுழையாமல் புறவழியில் தும்கூர் சாலையைப் பிடித்தேன். சித்ரதுர்காவின் பாறைக் குன்றுகளும் அவற்றின்மேல் சுழலும் காற்றாலைகளும் கண்ணில் பட்டபோது வெயில் தாழ்ந்திருந்தது. அன்றிரவு அங்கேயே தங்கினேன்.

மறுநாள் காலை துங்கபத்திரைக் கரையில் ஹரிஹர். நெடுஞ்சாலையில் விரைவோர் பலரும் நின்று பாராமல் போய்விடும் ஊர் இது. ஹொய்சள மன்னன் இரண்டாம் நரசிம்மன் காலத்தில், அவனுடைய தளபதி பொலாள்வன் 1224இல் எழுப்பிய ஹரிஹரேசுவரர் ஆலயம் இங்கே உள்ளது. மூலவரின் வலப்பாதி சிவன், இடப்பாதி திருமால். சங்கரன்கோவில் சங்கரநாராயணரைச் சேவித்தவர்களுக்கு நம் ஊர்ச் சுவாமியே எதிரில் நிற்பது போலிருக்கும். கடைந்தெடுத்தாற்போன்ற வழவழப்பான தூண்களின் நிழலில் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தேன். கூட யாரும் இல்லாத பயணத்தில், 'புறப்படலாமா?' என்று கேட்பாரும் இல்லை.

பின்னர் ஹாவேரி, ஹூப்ளி, தார்வாட், பெல்காம். வரதா, மலப்பிரபா, கடப்பிரபா என ஆறுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நிப்பாணியைத் தாண்டியதும் பெயர்ப் பலகைகளில் கன்னடம் விடைபெற்றுத் தேவநாகரி வந்தது. கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் சாலையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தன. அவற்றை முந்த முயலாமல் பின்னாலேயே சென்றேன். மாலை ஐந்து மணிக்குக் கோலாப்பூர். பவானி மண்டபம் அருகில் ஒரு விடுதியில் அறை கிடைத்தது.

நவம்பர் 9, அந்நகரில் என் முதல் விடியல். மொழி தெரியாத ஊரில் கோபுரம் தேடித்தான் கண் அலைகிறது. கரிய கல்லாலான அந்த ஆலயத்தை அடைந்ததும் அலைச்சல் தீர்ந்தது. அன்னை மூன்றடி உயரமுள்ள கரிய திருமேனியள். நான்கு கரங்களில் மாதுலிங்கக் கனி, கதை, கேடயம், பானபாத்திரம், பின்னால் சிம்மம். இருபுறமும் தனிச் சந்நிதிகளில் மகாகாளியும் மகாசரஸ்வதியும் அருள்கின்றனர். பிருகு முனிவர் திருமாலின் மார்பில் உதைத்தபோது, அங்கு உறைந்த திருமகள் சினந்து வந்தமர்ந்த கரவீரம் இதுவே என்பது புராணம். தேடி வந்த பெருமாள் திருமலையில் நின்றுவிட்டார். இன்றும் நவராத்திரியில் திருமலையிலிருந்து அன்னைக்குப் பட்டு வருகிறது.

வாயிலில் பூ விற்கும் மூதாட்டி என்னைக் 'காகா' என்றழைத்து, புடவை, தேங்காய், மஞ்சள், குங்குமம், வளையல் வைத்த தட்டை நீட்டினார். 'ஓட்டி' என்று இதைச் சொல்கின்றனர். பெண்கள் அன்னைக்கு அளிக்கும் மடிநிரப்பு அது. வீட்டில் அம்மாள் வரவில்லையா என்று சைகையில் கேட்டார். மஞ்சள் முடிச்சைக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் தட்டில் இன்னொரு முழம் பூ வைத்தார். அதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

நண்பகலில் ரங்காளா ஏரிக்கரையில் சற்று நடந்து, அறையில் ஓய்வெடுத்து, மூன்று மணிக்கு மீண்டும் ஆலயம் சென்றேன். செல்லும் மூத்தோர் அந்நேரத்துக்கே உள்ளே போய்விடுதல் நலம். பிறகு நிற்க இடமிராது. மேகமோ, தூசியோ, மகாத்வார் வீதியின் உயர்ந்த கட்டடங்களோ கதிரை மறித்துவிடும் ஆண்டுகளும் உண்டு. அன்றும் மேற்கே மேகத் திரள் இருந்தது. நான் மேகத்தைப் பார்ப்பதும் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன்.

ஐந்து மணிக்கு மேல் மகாத்வார் வழியே ஒளி நுழைந்தது. கூட்டம் தானாக இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. கருட மண்டபத் தரையில் அது பொன்பட்டை போல் ஊர்ந்து, மங்கி, ஒரு கணம் இல்லாமலே போயிற்று. அருகிலிருந்த முதியவள் ஒருத்தி கண்களை மூடி 'அம்பாபாய், அம்பாபாய்' என்று முணுமுணுத்தாள். பேச்சரவம் அடங்கிவிட்டது. மேகம் விலகிற்று. உள்ளே விளக்குகள் அணைந்திருந்தன. பித்தளை வாயிற்படி, அடுத்து வெள்ளி வாயிற்படி, அதன்பின் அன்னையின் பாதம்! ஐந்தே முக்கால் மணியளவில், சில நிமிடங்களே அது அங்கே தங்கிற்று. பாதத்துக்கு மேல் ஏறவில்லை. பிறகு சிவந்து, குறுகி, மறைந்தது. விளக்குகள் ஏற்றப்பட்டு ஆரத்தி தொடங்கியது.

மஞ்சள் முடிச்சை அவிழ்க்காமல் உண்டியலில் சேர்த்துவிட்டு வெளியே வந்து மகளுக்குப் பேசினேன்.

"முகத்தைப் பாத்தீங்களாப்பா?"

"இன்னிக்குப் பாதம்தாம்மா. முகம் நாளன்னைக்கு. இன்னும் ரெண்டு நாள் இருக்கேன்" என்றேன்.