ரெண்டு கைப்பிடி யூரியா

என் மகளின் முதல் கிறிஸ்துமஸுக்கு அப்பா வாங்கி வந்த மரம் அது. தொட்டியில் முழங்கால் உயரம் இருந்தது. கிறிஸ்துமஸ் மரம் என்று நாம் சொல்கிற அரக்கேரியா. பார்க்க பைன் மாதிரி இருந்தாலும் பனி நாட்டு மரமில்லை. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே நார்ஃபோக் தீவுதான் அதன் பூர்வீகம். பாளையங்கோட்டை வெயிலிலும் எங்கள் மாடி வராண்டாவில் நன்றாகவே நின்றது. ஒவ்வொரு டிசம்பரிலும் மகளை அதன் பக்கத்தில் நிற்கவைத்து, யார் உயரம் என்று பார்ப்பார் அப்பா.

அப்பா இறந்த வருஷம் மரம் வெளிறத் தொடங்கியது. அடி இலைகள்தான் முதலில் மஞ்சளாயின. தழைச்சத்து குறைந்தால் பழைய இலையில்தான் முதலில் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அண்ணன் நெல்வயலுக்கு வாங்கியதில் மிஞ்சிய யூரியா வீட்டில் கிடந்தது. வயலில் வீசினால் சில நாளிலேயே பயிர் கரும்பச்சையாவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ரெண்டு கைப்பிடி அள்ளித் தொட்டியில் போட்டுவிட்டேன்.

ஒரே வாரத்தில் நுனிகள் கருகின.

"ஏட்டி, அப்பா மரத்தை என்ன செஞ்ச?" என்று அம்மா கேட்டாள். பதில் சொல்லாமல் நர்சரிக்கு ஓடினேன்.

"வயல்ல மழை பெஞ்சா உப்பு கீழ இறங்கிரும்க்கா. தொட்டில எங்க போகும்?" என்றார் நர்சரிக்காரர்.

யூரியாவில் 46 சதவிகிதம் தழைச்சத்து. அவ்வளவும் கொஞ்சம் மண்ணுக்குள் கரைந்தால், வேரில் இருக்கிற தண்ணீரையே வெளியே இழுத்துவிடுமாம். ஈரத்தில் நின்றுகொண்டே மரம் தாகத்தில் காய்ந்திருக்கிறது.

அடித்தட்டை எடுத்துவிட்டு, தொட்டி கொள்கிற அளவைப்போல நாலு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடச் சொன்னார். புதுத் துளிர் வரும்வரை உரமே கூடாது. அப்புறம் மாதம் ஒருமுறை, லிட்டருக்கு ஒரு கிராம் 19:19:19. அவ்வளவுதான்.

மரம் பிழைத்தது. ஆனால் கீழ் இரண்டு அடுக்குக் கிளைகள் காய்ந்து உதிர்ந்தன. இந்த மரத்தில் போன அடுக்கு மறுபடி முளைக்காதாம். அதைக் கேட்ட அன்று அழுத மாதிரி, அப்பாவின் அடக்க ஆராதனையில்கூட நான் அழவில்லை.

போன டிசம்பரில் மகள் அந்த வெற்றிடத்தில் குடிலை வைத்தாள். முன்பெல்லாம் கிளை இடிக்கிறதென்று தள்ளித்தான் வைப்போம். உச்சியில் புதிதாக ஓர் அடுக்கு விரிந்திருந்தது. இந்த முறை நான்தான் நிற்கவைத்து அளந்தேன்.

மகள் இரண்டு விரற்கடை கூடுதல்.