எண்ணிப் பெற்ற பணம்

விலை முடிவானவுடன் விற்பனை முடிந்துவிடுவதில்லை. கடைத்தெருவில் நாள்தோறும் பொருள் விற்போர்க்கு இது பழகிப்போன உண்மை. ஆயின், கற்பித்தலிலும் அலுவலகப் பணியிலும் காலத்தைக் கழித்து, வாழ்நாளில் ஓரிரு முறை மட்டுமே பெரும்பொருள் ஒன்றை விற்க நேரும் எம்போன்றோர், விலை பேசுவதில் காட்டும் அக்கறையைப் பணம் வாங்குவதில் காட்டுவதில்லை. வீட்டை விற்றால் பத்திரப்பதிவு அலுவலகமும் எழுத்தரும் சாட்சிகளும் உடன் நிற்பர். பழைய மகிழுந்தை விற்கும்போது உடன் நிற்பவர் யார்? வீட்டுத் திண்ணையும் மாலை வெளிச்சமும் முன்பின் அறியாத ஒருவரும் மட்டுமே.

எம் வாப்பா பணி ஓய்வு பெற்ற 2012ஆம் ஆண்டில் வாங்கிய மாருதி வேகன் ஆர் வண்டியை அண்மையில் விற்க நேர்ந்தது. வாப்பா மறைந்த பின் அதனை ஓட்டுவார் குறைந்தனர். தங்கை மகளுக்குச் செவிலியர் கல்லூரியில் இடம் கிடைத்தது. முதலாண்டுக் கட்டணத்தைக் குறித்த புதன்கிழமைக்குள் செலுத்தியாக வேண்டும் என்று கடிதம் வந்தது. உம்மாவே முன்வந்து, "வண்டியைக் கொடுத்துவிடுங்கள், பிள்ளை படிக்கட்டும்" என்றார்கள். நாளிதழில் வரிவிளம்பரம் கொடுத்தோம். விலை 1,85,000 ரூபாய் என வரையறுத்தோம்.

அந்த மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மாலை, மங்கும் பொழுதில் இருவர் வந்தனர். நல்ல உடை, பணிவான பேச்சு. வண்டியை ஒருமுறை சுற்றி வந்தனர். இயந்திரத்தின் ஒலியைக் கேட்கவும் அவர்கள் பெரிதாக விரும்பவில்லை. விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. தோள்பையிலிருந்து காகிதப் பட்டை சுற்றிய மூன்று கட்டுகளையும் சில்லறையாக எழுபது தாள்களையும் எடுத்துத் திண்ணையில் வைத்தனர். அன்றிரவே வெளியூர் செல்ல வேண்டும் என்றும், ஆர்.சி. புத்தகத்தோடு படிவங்களில் கையெழுத்து மட்டும் இட்டுத் தந்தால் போதும், எஞ்சியதைத் தாங்களே நிரப்பிக்கொள்வதாகவும் கூறினர்.

யாம் சொன்னது இவ்வளவே: "திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வங்கிக்கு வாருங்கள். பணத்தை நீங்களே எங்கள் கணக்கில் செலுத்துங்கள். காசாளர் ஏற்றுக்கொண்டவுடன் சாவியும் புத்தகமும் உங்கள் கையில்." வந்தவர்களின் முகம் மாறிற்று. அருகிருந்த எம் காக்காவுக்கும் அவ்வாறே. "வீடு தேடி வந்த பணத்தைத் திருப்பி அனுப்புவார்களா? புதன்கிழமை நினைவிருக்கிறதா?" என்று உள்ளே அழைத்துக் கடிந்துகொண்டார். அவர் சினத்தில் நியாயம் இருந்தது. திங்கட்கிழமை அவர்கள் வாராவிடின் எமக்கு எஞ்சுவது இரண்டே நாள்.

அவர்கள் வரவேயில்லை. அவர்களை ஏமாற்றுக்காரர் என்று யாம் இன்றும் கூறமாட்டோம். பணத்தைப் பார்க்காமல் அவ்வாறு கூறுதல் அறமன்று. எனினும், இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கிகள் திறப்பதில்லை என்பதும், அன்று மாலை பெறும் பணத்தைத் திங்கள் காலை வரை வங்கியில் காட்டிச் சரிபார்க்க வழியில்லை என்பதும் ஊரறிந்தவை. பழைய வண்டியைப் பேரமின்றி வாங்குபவர் அதனினும் அரியர்.

இன்று பெருந்தொகைக்குப் புழங்குவது 500 ரூபாய்த் தாளே. 2000 ரூபாய்த் தாளைப் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி 2023 மே 19 அன்று அறிவித்தது. அத்தாள் சட்டப்படி செல்லும் எனினும், 2023 அக்டோபர் 7க்குப் பின் வங்கிக் கிளைகளில் அதனை மாற்ற இயலாது; ரிசர்வ் வங்கியின் அலுவலகங்களை நாடவேண்டும். ஆகவே வண்டிக்கு விலையாக அதனைப் பெறுதல் வீண் அலைச்சல்.

2016 நவம்பரில் வெளிவந்த 500 ரூபாய்த் தாள், 150 மில்லிமீட்டர் நீளமும் 66 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது, சாம்பல் நிறம், பின்புறம் செங்கோட்டை. அதனை அறியக் கண்ணைவிட விரல் நம்பத்தக்கது என்பது எம் கருத்து. காந்தியடிகளின் உருவமும் அசோகத் தூண் சின்னமும், இரு ஓரங்களிலும் உள்ள ஐந்து சாய்ந்த கோடுகளும் புடைப்பாக அச்சிடப்பட்டவை. நகத்தால் மெல்ல வருடினால் தட்டுப்படும். பார்வையற்றோர் அறிவதற்கென அமைந்த இவ்வேற்பாடு பார்வையுடையோர்க்கும் பயன்படுகிறது. நெடுநாள் புழங்கிய தாளில் புடைப்பு தேய்ந்திருக்கலாம். அப்போது தாளைச் சற்றே சாய்த்துப் பார்க்க வேண்டும்: பாதுகாப்பு இழையும், கீழ்ப்பகுதியில் வலப்பக்கம் ரூபாய்க் குறியோடு உள்ள 500 என்னும் எண்ணும் பச்சையிலிருந்து நீலமாக மாறும். வெளிச்சத்திற்கு எதிரே பிடித்தால் வெற்றிடத்தில் காந்தியடிகளின் முகமும் 500 என்னும் எண்ணும் நீர்க்குறியாகத் தோன்றும். நீர்க்குறி தாளின் உள்ளமைப்பில் உள்ளது, மேலே பூசியதன்று. வெளிச்சத்தில் பிடிக்காமலேயே பளிச்செனத் தெரியும் நீர்க்குறி ஐயத்திற்குரியது. தாளின் வரிசை எண் இடமிருந்து வலமாகச் சிறிதிலிருந்து பெரிதாக வளர்ந்து செல்லும்.

நல்ல தாளைக் கள்ளத்தாள் எனக் கருதி நேர்மையாளரை நோகச் செய்வதும் உண்டு. எண்ணுக்கிடையே உடுக்குறி இருந்தால் கள்ளத்தாள் என்றொரு வதந்தி பரவிற்று. அச்சில் பழுதான தாளுக்கு மாற்றாக வைக்கப்படும் தாளுக்கே உடுக்குறி இடப்படுகிறது என்றும், அது முழுதும் செல்லும் என்றும் ரிசர்வ் வங்கி 2023 ஜூலையில் விளக்கம் தந்தது. ஒரே வரிசை எண் இரு தாள்களில் இருந்தாலும் உடனே ஐயுறல் வேண்டா. எண்ணோடு அமைந்த உள்ளெழுத்தோ, அச்சிட்ட ஆண்டோ, ஆளுநர் கையொப்பமோ வேறுபட்டிருக்கலாம். அனைத்தும் ஒன்றாகவே இருப்பின் அஞ்சத்தான் வேண்டும்.

இவ்வளவும் அறிந்திருந்தும் திண்ணையில் அமர்ந்து என்ன செய்துவிட முடியும்? 1,85,000 ரூபாய் என்பது 370 தாள். தாளுக்கு ஒரு நிமிடம் என்றாலும் ஆறு மணி நேரத்திற்கு மேலாகும். வாங்க வந்தவர் எதிரே அமர்ந்து கடிகாரத்தைப் பார்ப்பார்; பேச்சுக் கொடுப்பார்; தேநீர் வரும்; விளக்கு மங்கும். பத்துத் தாளைப் பார்த்த கை பதினோராவதை எண்ணத் தொடங்கிவிடும். எண்ணுவது வேறு, பார்ப்பது வேறு. கட்டின் மேலும் கீழும் நல்ல தாளை வைத்து நடுவில் குழந்தைகளின் விளையாட்டுத் தாளைச் செருகுவது பழைய தந்திரம். எண்ணி முடித்த கட்டை "இன்னுமொருமுறை பார்க்கிறேன்" என்று வாங்கி வேறொன்றைத் திருப்பித் தருவது அதனினும் பழையது. காகிதப் பட்டையை எவரும் சுற்றலாம். அது உள்ளிருப்பதற்குச் சான்றாகாது.

ஆதலால்தான் வங்கியின் முகப்பே தக்க இடம் என்று கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை பாவூர்சத்திரத்திலிருந்து காய்கறி வணிகர் ஒருவர் வந்தார். அறுபதைக் கடந்தவர். வண்டியின் அடியில் குனிந்து பார்த்தார். முன்மூடியைத் திறந்து எண்ணெய்க் கசிவைச் சுட்டினார். மேலப்பாளையம் வரை ஓட்டிப் பார்த்தார். பத்தாயிரம் குறைத்துக் கேட்டு, ஐந்தில் நின்றார். 1,80,000 என முடிவாயிற்று. வங்கியில் செலுத்தும் செய்தியை யாம் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் நகைத்தார். "இதிலென்ன சார் வருத்தம்? என்னுடையது சந்தைப் பணம். பத்துக் கை மாறி வந்தது. நானே அதைப் பார்த்துப் பார்த்துத்தான் வாங்குகிறேன்" என்றார்.

திங்கள் காலை பத்து மணிக்கு முன்பே வந்து காத்திருந்தார். செலுத்துச் சீட்டைத் தம் பெயரில் கையொப்பமிட்டு, 360 தாளையும் தாமே காசாளரிடம் நீட்டினார். பணம் எண்ணும் இயந்திரம் இரண்டு கட்டுகளை விழுங்கிற்று. மூன்றாவதில் நின்றது. காசாளர் ஒரு தாளை எடுத்து விளக்கொளியில் பிடித்தார், விரலால் வருடினார், மேலாளரை அழைத்தார். கள்ளத்தாள்! எமக்குப் பின்னே வரிசையில் நின்றோர் எட்டிப் பார்த்தனர். முப்பதாண்டு சந்தையில் நின்ற அம்மனிதரின் முகம் கறுத்துச் சிறுத்தது. "எந்தக் கையில் வாங்கினேனோ தெரியவில்லையே" என்று மெல்லச் சொன்னார்.

இவ்விடத்தில் விதி என்ன சொல்கிறது என்பதை அறிதல் நலம். வங்கியில் பிடிபட்ட கள்ளத்தாளைத் திருப்பித் தரமாட்டார்கள்; அதற்கு ஈடும் கிடையாது. அதன்மேல் முத்திரை குத்திப் பறிமுதல் செய்து, கொடுத்தவருக்கு ஒப்புகைச் சீட்டு அளிப்பர். ஒரே செலுத்துகையில் நான்கு தாள் வரை அகப்பட்டால் மாத இறுதியில் தொகுத்துக் காவல்துறைக்கு அறிவிப்பர். ஐந்தும் அதற்கு மேலும் எனில் உடனே காவல் நிலையத்தில் புகாரளிப்பர். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, கள்ளத்தாள் என்று அறிந்தே அதனைப் புழங்கவிடுவதை வாழ்நாள் சிறை வரை தண்டிக்கத்தக்க குற்றமாக வைத்துள்ளது. முறையான வழியில் தன்னிடம் வந்தது என்று மெய்ப்பிப்பவர்க்கு வைத்திருந்த குற்றம் இல்லை என்றும் அச்சட்டம் விளக்குகிறது. திண்ணையில் அறியாதவரிடம் வாங்கிய பணத்திற்கு அதனை எவ்வாறு மெய்ப்பிப்பது? கள்ளத்தாளைச் சந்தடியில்லாமல் வேறொருவர் தலையில் கட்டிவிடலாம் என்று எண்ணுவோர் உளர். அந்நொடியே ஏமாந்தவர் ஏமாற்றுபவர் ஆகிறார்.

வணிகர் ஒப்புகைச் சீட்டில் கையொப்பமிட்டார். சட்டைப் பையிலிருந்து வேறொரு 500 ரூபாயை எடுத்து வைத்தார். பாதியை யாம் ஏற்கிறோம் என்றோம். "வேண்டாம் சார். என் பையில் வந்தது என் கணக்கு" என்று மறுத்துவிட்டார். அதே தாள் முந்தின நாள் திண்ணையில் எம் கைக்கு வந்திருந்தால், சீட்டில் இருப்பது எம் பெயராக இருந்திருக்கும். அவரை ஐயுறவும் நேர்ந்திருக்கும். நேர்மையான மனிதர் ஒருவரைக் காலமெல்லாம் தவறாக எண்ணியிருப்போம். ஐந்நூறு ரூபாயினும் எமக்கு அதுவே பெரிதாகத் தோன்றிற்று.

பணமாகவே வாங்காமல் கணக்கிலிருந்து கணக்கிற்கு மாற்றுதல் இதனினும் எளிது. விலை இரண்டு லட்சமோ அதற்கு மேலோ எனில் வேறு வழியும் இல்லை. ஒரே விற்பனைக்கு அத்தொகையை ரொக்கமாகப் பெறுவதை 2017 ஏப்ரல் 1 முதல் வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. மீறினால் பெற்ற தொகைக்கு ஈடான தண்டம் பெற்றவர்மீதே விழும். ஆர்.டி.ஜி.எஸ். என்னும் முறையில் இரண்டு லட்சமும் அதற்கு மேலும் அனுப்பலாம்; 2020 டிசம்பரிலிருந்து அது இரவும் பகலும் இயங்குகிறது. ஆயினும் வாங்குபவர் தம் கைப்பேசியைத் திருப்பிக் காட்டும் படமோ, நம் கைப்பேசிக்கு வரும் குறுஞ்செய்தியோ பணமாகா. நம் கணக்கை நாமே திறந்து இருப்பைப் பார்த்தல் வேண்டும். கள்ளத்தாள் அச்சிட இயந்திரம் வேண்டும். கள்ளச் செய்தி அனுப்ப விரல் போதும்.

பணம் கணக்கில் ஏறிய பின்னரே படிவம் 29இலும் 30இலும் கையொப்பமிட்டோம். அவற்றில் வாங்குபவர் பெயர், முகவரி, நாள் அனைத்தையும் எம் கண்முன்னே நிரப்பச் செய்தோம். சாவி கொடுத்த நேரத்தையும் குறித்த விற்பனைக் கடிதம் இருபடி எழுதி இருவரும் வைத்துக்கொண்டோம். மாநிலத்திற்குள் விற்பனை எனில் 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்திற்கு அறிவிக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். கையெழுத்திட்ட வெற்றுப் படிவம் கேட்டு முதலில் வந்தவர்களை எண்ணிப் பார்க்கிறோம். பதிவேட்டில் எவர் பெயர் உள்ளதோ அவரே உரிமையாளர். விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்கும் அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் நவீன்குமார் வழக்கில் தீர்ப்பளித்துள்ளது. அவ்வழக்கில் வண்டி பல கை மாறியிருந்தது; பதிவேட்டுப் பெயர் மட்டும் மாறவில்லை.

செவ்வாய்க்கிழமை தங்கை மகளின் கட்டணத்தைச் செலுத்தினோம். காக்கா அந்தச் சனிக்கிழமை மாலையைப் பற்றிப் பின்னர் ஒன்றும் பேசவில்லை; ஆனால் அடுத்த மாதம் தம் பழைய இருசக்கர வண்டியை விற்றபோது, வாங்க வந்தவரை எம் வங்கிக்கே அழைத்து வந்தார்.

மூன்று வாரம் கழித்துப் பாவூர்சத்திரத்து வணிகர் தொலைபேசியில் அழைத்தார். பதிவுச் சான்று தம் பெயரில் வந்துவிட்டதாகவும், எண்ணெய்க் கசிவைச் சரிசெய்ய 2,200 ரூபாய் ஆனதாகவும் சொன்னார். அந்த ஒப்புகைச் சீட்டை என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். கண்ணாடி போட்டுக் கடையில் கல்லாவுக்கு மேல் மாட்டியிருப்பதாகவும், அதைப் பார்த்த நாள் முதல் பையன்கள் தாளைத் தடவிப் பார்க்காமல் வாங்குவதில்லை என்றும் சொல்லிச் சிரித்தார்.