காயா பூக்கும்வரை

பிள்ளைகளே, மரங்களை அறிய ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: தொலைவுக்குப் போகாதீர்கள். செங்கல்பட்டில் இருப்பவர்களுக்குக் கொளவாய் ஏரிக்கரை போதும். கடலோரத்தில் இருப்பவர்களுக்குச் சாளுவன்குப்பத்துப் பக்கம் போதும். ஊர் ஊராய்ச் சுற்றுகிறவர் காணாததை, ஒரே பாதையில் ஓராண்டு நடக்கிறவர் கண்டுவிடுவார்.

சவுக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். நாம் ஊசியிலை என்று நினைப்பது இலை அல்ல, மெல்லிய கிளை. பிடித்து இழுத்தால் கணுக் கணுவாகக் கழன்று வரும். கணுவைச் சுற்றி நிற்கும் நுண்ணிய செதில்கள்தான் இலை. பள்ளிக்கூட வாசல்களில் ஒல்லியாய் உயர்ந்து நிற்கும் நெட்டிலிங்கத்தைப் பலரும் அசோக மரம் என்கிறார்கள். உண்மையான அசோகு செம்மஞ்சள் பூங்கொத்து தாங்குவது. காதில் விழுந்த பெயரைக் கண் சோதிப்பதில்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தின் மேட்டுக்காடுகளில், கோடை வெயிலிலும் முற்றிலும் இலை உதிர்க்காத குட்டை மரங்கள் உண்டு. சோழமண்டலக் கரையின் உலர் பசுமைமாறாக் காட்டின் மிச்சங்கள் அவை. அங்கே என்னோடு நடக்க வந்த இளைஞர் ஒருவர், கரும்பச்சை இலையொன்றைக் கைப்பேசிக்குக் காட்டினார். அது ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பெயர் சொன்னது. அவருக்குச் சலிப்பு. “பூக்கட்டும் தம்பி, வருவோம்” என்றேன். மாதங்கள் கழித்து அதே மரத்தின் கிளைகளை ஒட்டி நீலப்பூ கொத்துக் கொத்தாய் அப்பியிருந்தது. காயா! காயாம்பூ வண்ணன் என்று திருமாலைப் பாடக் கேட்டே வளர்ந்தவர், அந்த வண்ணத்தை அன்றுதான் கண்டார். உடனே பெயர் கிடைத்திருந்தால் அவர் திரும்ப வந்திருப்பாரா? எனக்கு ஐயம்தான். பெயர் தாமதமானது அவருக்கு வாய்த்த நல்லூழ்.

மரத்தைவிடப் பொறுமையானது அதன் பட்டையில் குடியிருக்கிறது. மாமரத்திலும் தென்னையிலும் வெள்ளையாய், சாம்பல் பச்சையாய்த் திட்டுத் திட்டாய்த் தெரியுமே, அதை நோய் என்று நினைத்துச் சுரண்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அது லைக்கன். பூஞ்சையும் பாசியும் ஓருடலாய் வாழும் உயிர். இதை 1860-களில் சுவிட்சர்லாந்தின் தாவரவியலாளர் சைமன் ஷ்வெண்டனர் சொன்னபோது அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. பாசி வெயிலில் உணவு சமைக்கிறது, பூஞ்சை வீடும் ஈரமும் தருகிறது. மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை. மரம் அதற்கு நிற்க இடம் மட்டுமே. உங்கள் வீட்டுக் குழம்பில் மணக்கும் கல்பாசியும் மலைநாட்டு லைக்கன்தான். அம்மாவிடம் கேட்டு ஒரு துண்டைக் கையில் வைத்துப் பாருங்கள்.

மாமல்லபுரத்துப் பாறைகளிலும் இத்தகைய திட்டுகள் உண்டு. ஓடுபோல் ஒட்டி வளரும் வகைகளில் பல, ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் பரவுவதே அரிது. உள்ளங்கை அகலத் திட்டு ஒன்று உங்கள் தந்தையைவிட மூத்ததாக இருக்கலாம். நகத்தால் கீறிப் பார்க்கும் ஆசை வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் லைக்கன் செத்தது போலக் கிடக்கும். சில துளி நீர் பட்டதும் பச்சை காட்டும்.

வெயிலைத் தாங்கும் இந்த உயிர், நச்சுப் புகையை அவ்வளவாகத் தாங்காது. வேர் இல்லாததால் காற்றிலும் மழையிலும் வருவதை அப்படியே உள்வாங்குகிறது. பாரிஸ் நகரில் லைக்கன்கள் குறைவதைக் கண்டு, காற்றின் தூய்மையை அளக்க இவை உதவும் என்று 1866-இல் எழுதினார் லைக்கன் ஆய்வாளர் வில்லியம் நைலாண்டர்.

அந்த வேலையை நீங்களும் செய்யலாம். வாகனப் புகை மிகுந்த ஜி.எஸ்.டி. சாலையோரத்தில் ஒரு வேம்பு, ஊருக்குள் ஏரிக்கரையில் அதே பருமனுள்ள இன்னொரு வேம்பு. மார்பு உயரத்தில் இரண்டின் பட்டையையும் பூதக்கண்ணாடியால் பாருங்கள். திட்டுகளின் நிறம், அளவு, மரத்தின் எந்தப் பக்கம் என்பதை நாளோடு எழுதுங்கள். பெயர் எழுதும் கட்டத்தை இப்போதைக்கு வெறுமையாக விட்டுவிடுங்கள். ஐப்பசி மழைக்குப் பின் அதே இரண்டு மரங்களுக்கும் மறுபடி போங்கள்.